சென்னை டூ யாழ்ப்பாணம்: விமானத்தில் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம் ஆகும்?

சென்னைக்கு மதுரை பக்கமா, யாழ்ப்பாணம் பக்கமா? வானத்தில் அளந்தால் யாழ்ப்பாணம்தாங்க பக்கம்! மதுரைக்கு நேர்கோட்டில் சுமார் 415 கி.மீ. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு சுமார் 355 கி.மீ.தான்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த ரூட்டில் பறப்பது ஏடிஆர் 72 ரக சிறிய விமானம். வேகம் மணிக்கு சுமார் 500 கி.மீ. அப்படிப் பார்த்தால் முக்கால் மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் ஓடுபாதைக்குப் போவது, மேலே ஏறுவது, தரையிறங்குவது எல்லாம் சேர்த்து சுமார் ஒன்றேகால் மணி நேரம் ஆகும்.

கவனிக்க வேண்டியவை

தூரம் கம்மி என்றாலும் இது வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், விசா அனுமதி கட்டாயம். இமிக்ரேஷன், செக்-இன் இருப்பதால் 3 மணி நேரம் முன்பே ஏர்போர்ட் போய்விடுங்க. இரு நாடுகளிலும் ஒரே நேரம்தான். வாட்சை மாற்ற வேண்டாம்.

முன்பு எப்படி?

2019 அக்டோபரில் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலானோர் கொழும்பில் இறங்கி, சாலை வழியாக சுமார் 400 கி.மீ. வடக்கே திரும்பி வரணும். கொரோனாவால் நின்ற சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. சொந்தத்தில் ஒரு நல்லது கெட்டதுக்கு அன்றைக்கே போய்ச் சேர இந்த விமான சேவை உதவுகிறது.