ஊவாத் தோட்டங்களின் ஓய்வுப் பொழுதும் பதுளைப் பட்டணமும்

1886ஆம் ஆண்டில் தனி மாகாணமாக வகுக்கப்பட்ட ஊவாவின் தலைநகரான பதுளை, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், பதுளு ஓயா சுற்றி ஓடும் பள்ளத்தாக்கில் அமைந்திருக்க, அதன் கிழக்கே எழும் நமுனுகுலை மலைச்சரிவுகளிலும் பசறை, மடுல்சீமை, ஹாலிஎல, பண்டாரவளைப் பகுதிகளிலும் முதலில் கோப்பித் தோட்டங்களும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களும் பரவின. இத்தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் வேலை, கூலி, ஏற்றுமதி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது; வேலை முடிந்த பொழுது யாருக்கு உரியதாக இருந்தது என்னும் கேள்வி அவ்வளவாகக் கேட்கப்படவில்லை.

துரைமாரின் ஓய்வைப் பற்றிய சான்றுகளுக்குக் குறைவில்லை, ஏனெனில் அது கல்லிலும் கட்டடத்திலும் பதிந்துள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படும் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறக்க, அவர் நினைவாகப் பதுளையில் புனித மாற்கு தேவாலயம் எழுப்பப்பட்டது; வேட்டையையே பெரும்பொழுதுபோக்காகக் கொண்டிருந்த ஒருவருக்குத் தேவாலயம் நினைவுச்சின்னமானது அக்காலத்து மதிப்பீடுகளை நன்கு காட்டுகிறது. 1893இல் தோட்டத்துரைமாரின் தங்கும் மனையாகக் கட்டப்பட்ட பண்டாரவளை ஹோட்டலும், பதுளையின் குதிரைப் பந்தயத் திடலும் அவ்வரிசையிலேயே வருபவை.

தொழிலாளர் பொழுது வேறுவகையானது. விடியற்காலைப் பெரட்டு, அதாவது தப்பொலி கேட்டு ஆட்கள் ஒன்றுகூடி அன்றைய வேலைக்குப் பிரிக்கப்படும் நிகழ்ச்சி, நாளின் தொடக்கத்தை வரையறுக்க, கொழுந்து நிறுத்து முடிந்த மாலையே அதன் முடிவாயிற்று. அதன்பின் எஞ்சிய நேரமும் ஒரே கூரையின்கீழ் வரிசையாக அமைந்த லயக் காம்பராக்களுக்குள் கழிந்தது. தோட்டம் தனியார் நிலமாதலால் வெளியார் உள்ளே நுழைவது அத்துமீறலாகக் கருதப்பட்டது. தொழிலாளி வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், அவர் கடனைக் குறித்துத் தரப்படும் ‘துண்டு’ எனும் சீட்டு தேவைப்பட்டது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தபோதிலும், தோட்ட எல்லைமீது துரைக்கு இருந்த அதிகாரம் அதனோடு நீங்கிவிடவில்லை. ஆகவே சம்பளம் வாங்கியபின் டவுனுக்கு இறங்குவது, துணியும் கருவாடும் வாங்குவதற்கும் சிலர் தவறணையில், அதாவது சாராயக் கடையில், கூலியைத் தொலைப்பதற்கும் மட்டும் உரியதன்று. வேலையை மேற்பார்த்த கங்காணியின் கண்ணுக்கு அப்பால் சில மணிநேரம் இருப்பதற்கும் உரியதாயிற்று.

தோட்டத்துக்குள்ளேயே தொழிலாளர் தமக்கென ஆக்கிக்கொண்ட பொழுதின் மிக விரிவான வடிவம் காமன் கூத்து ஆகும். தமிழகத்திலிருந்து வந்தோர் கொண்டுவந்த இக்கூத்து, மாசி மாத அமாவாசையை அடுத்த மூன்றாம் பிறையன்று காமன் பொட்டல் எனப்படும் திறந்தவெளியில் கம்பம் ஊன்றுவதோடு தொடங்கி, ரதி மன்மதன் திருமணம், சிவன் தவம், தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல் எனப் பல இரவுகள் நீண்டு, பௌர்ணமியில் மன்மதன் எரிக்கப்படுவதிலும் ரதியின் புலம்பலிலும் உச்சமடைகிறது. வேடமேற்போர் விரதமிருப்பர்; ரதி வேடத்தையும் ஆண்களே ஏற்றனர்; பாடலையும் ஆட்டத்தையும் பழக்குபவர் வாத்தியார் எனப்பட்டார். தப்படிக்கும் கடமை ஒரு சாதியாருக்கே ஒதுக்கப்பட்டிருந்ததிலிருந்து, ஊரில் இருந்த படிநிலை லயத்துக்கும் கூடவே வந்து சேர்ந்தது என்பது தெளிவாகும். இக்கூத்தைச் சமத்துவத்தின் கலையென்று புகழ்வோர் இதைக் கவனிப்பதில்லை. ஆயினும் மறுநாள் பெரட்டுக்குச் செல்ல வேண்டியவர்கள் இரண்டு வார அளவுக்கு இரவுகளைத் தம் கணக்கில் எடுத்துக்கொண்டனர் என்பதும், துரைமார் அதைத் தடுக்காமல் விட்டுக்கொடுத்தனர் என்பதும் சிறிய செய்திகள் அல்ல.

ஆடி மாதத்தில் கதிர்காமத்துக்கு மேற்கொண்ட நடைப்பயணமும் இவ்வகையைச் சார்ந்ததே; மலையிலிருந்து வெல்லவாய வழியாகத் தாழ்நிலக் காடுகளுக்கு இறங்கிய அப்பயணத்தில் நேர்த்திக்கடனும் ஊர் பார்க்கும் ஆசையும் கலந்தே இருந்தன.

1924இல் தொடருந்துப் பாதை பதுளையை எட்டியபோது பட்டணத்தின் பொருள் மாறியது. தேயிலைப் பெட்டிகளை விரைவாகக் கொழும்புக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மை நோக்கமாயினும், மலையகத்தார் ‘கோச்சி’ என்றழைக்கும் அவ்வண்டி செய்தித்தாளையும் தொழிற்சங்கப் பேச்சாளரையும் சேர்த்தே கொண்டுவந்தது. தோட்டத்துக்குள் நுழையத் தடைபட்ட சங்கத்தாருக்குத் தொழிலாளரைச் சந்திக்க உகந்த இடம் பட்டணமே ஆனது. 1940ஆம் ஆண்டு ஊவாவில் வேலைநிறுத்தங்கள் பரவி, வெவெஸ்ஸத் தோட்டத்தில் தொழிலாளர் தமக்கெனத் தெரிவுசெய்த அவையொன்றை அமைத்துக்கொண்ட நாட்களில், லங்கா சமசமாஜக் கட்சி மே மாதத்தில் தடையை மீறிப் பதுளையில் பொதுக்கூட்டம் நடத்தியது. கூடிய மக்களைக் கலைக்கப் பொலிசாரால் இயலவில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் எஸ்.எம். சுப்பையா பதுளைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மறு ஆண்டே நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து அவரைத் தெரிவுசெய்தோரில் மிகப் பலர் வாக்குரிமை இழந்தனர்.

1964ஆம் ஆண்டு இலங்கை–இந்திய ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் தலைமன்னார்க் கப்பலைப் பிடிக்கப் புறப்பட்டதும் இதே இருப்புப் பாதையில்தான்; அவ்வண்டிகளுக்கு ‘அழுகைக் கோச்சி’ என்ற பெயர் நிலைத்தது. அந்தப் பாதையில் தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையேயுள்ள ஒன்பது வளைவுப் பாலம் இப்போது வெளிநாட்டார் நின்று படமெடுக்கும் இடமாகியுள்ளது. அயல் தோட்டங்களின் இளைஞர்கள் சிலர் அங்கு முச்சக்கரவண்டி ஓட்டியும் சிறு கடை வைத்தும் பிழைக்கின்றனர். வேறு பலர் கொழும்புக் கடைகளில் வேலைக்கமர்ந்து, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கிடைக்கும் விடுமுறையில் வீடு வருகின்றனர். மாசியில் அவர்களுக்கு விடுமுறை கிடைப்பதில்லை; அதனால் பல தோட்டங்களில் காமன் கூத்தின் இரவுகள் சுருங்கிவிட்டன.