ஜானவாசக் கார்

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலையில் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மேளதாளத்தோடு கல்யாண வீட்டுக்கு அழைத்து வரும் ஊர்வலத்துக்குத் தஞ்சாவூர்ப் பிராமணக் குடும்பங்களில் ஜானவாசம் என்று பெயர். மற்றவர்களுக்கு அது மாப்பிள்ளை அழைப்பு. பெயர் எதுவானாலும் அதற்கென்று அமர்த்தும் வண்டி ஒன்றுதான்: கூரை இல்லாத, பூச்சரம் சுற்றிய, பழைய கார். பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த கோட்டு சூட்டில் மாப்பிள்ளை பின்சீட்டின் நடுவில் உட்கார்வார். மீதி இடத்தையெல்லாம் இரு வீட்டுக் குழந்தைகளும் பிடித்துக்கொள்வார்கள். 1963இல் ஆனந்த விகடனில் தொடராக வந்த சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ தஞ்சாவூர்க் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுக்குத் தூக்கிச் சென்ற கதை. ஜானவாசம் அதிலும் விட்டுப்போகவில்லை.

பல்லக்கும் குதிரை பூட்டிய சாரட்டும் இருந்த இடத்துக்கு மோட்டார் வந்தது 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். அன்றைக்குத் திறந்த கார் என்பது தனி ரகம் அல்ல. 1920களின் நடுப்பகுதி வரை உலகெங்கும் சாதாரணக் கார்கள் பெரும்பாலும் துணிக் கூரை போட்டவைதாம். நாலு பக்கமும் அடைத்த கார்தான் விலை கூடியது. இரும்புக் கூரை மலிந்த பிறகே திறந்த கார் உல்லாசத்துக்கு உரியதாக மாறி, பிரிட்டனில் ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற வகைக்குள் போய்ச் சேர்ந்தது. அந்த வகையும் ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. 1928இல் லண்டன் கண்காட்சியில் வைக்கப்பட்ட எம்.ஜி. மிட்ஜெட், மோரிஸ் மைனர் என்ற எளிய குடும்பக் காரின் சேஸிலும் இன்ஜினிலும் கட்டப்பட்டது. ‘எம்.ஜி.’ என்ற இரண்டு எழுத்துமே ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மோரிஸ் கராஜஸ் என்ற கடையின் பெயர்ச் சுருக்கம்தான். விளையாட்டுக் காருக்கும் வீட்டுக் காருக்கும் எலும்பு ஒன்றே என்ற இந்த விஷயம், பின்னால் தமிழ்நாட்டுக் கதைக்கும் தேவைப்படும்.

தஞ்சை ஜில்லாவில் கார் வாங்கும் வசதி நிலத்திலிருந்து வந்தது. நூற்றுக்கணக்கான ஏக்கர் நஞ்சை வைத்திருந்த மிராசுதார்கள்தாம் முதல் வாடிக்கையாளர்கள். சென்னையில் அடிசன் கம்பெனி மோரிஸ், வூல்ஸ்லி கார்களுக்கு ஏஜெண்டாக இருந்தது. ஆஸ்டின், ஹில்மன், ஸ்டாண்டர்டு கார்களும் கிடைத்தன. ஆனாலும் உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இந்தியாவில் அதிகம் விற்றவை அமெரிக்கக் கார்கள் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. ஆற்றங்கரை மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் வண்டித்தடம் பதிந்து கிடந்த மண் சாலைகளுக்கு, உயரமான சேஸும் பெரிய இன்ஜினும் உள்ள செவர்லேயும் டாட்ஜும் பொருந்தின. 747 சிசி இன்ஜினோடு வந்த ஆஸ்டின் செவன், பெட்ரோலை மிச்சம் பிடித்தாலும் பள்ளத்தில் அடி தட்டும். பிரிட்டிஷ் காரின் சாதகம் வேறு இடத்தில் இருந்தது: குறுகலான அக்கிரகாரத் தெருவிலும் வெண்ணாற்று வெட்டாற்றுக் கரைகளிலும் அதைச் சுலபமாகத் திருப்பலாம்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்கள் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரி வாயுவில் ஓடின. சொந்தக் கார்கள் பல ஷெட்டில் முடங்கின. சுதந்திரத்துக்குப் பிறகு டாலர் தட்டுப்பாட்டால் அமெரிக்க இறக்குமதி சுருங்கி, பிரிட்டிஷ் கார்களுக்குக் கை மேலோங்கியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 காரைப் பொருத்தியது. 1955இல் அது அசோக் லேலண்டு ஆகி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. 1953இல் மத்திய அரசு, உதிரி பாகங்களை உள்நாட்டிலேயே செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகள் கார் பொருத்தக் கூடாது என்று முடிவெடுத்தது. அதன் பிறகு புதிய திறந்த கார் ஒன்று காவிரிக் கரைக்கு வருவது அநேகமாக நின்றுபோயிற்று.

பழைய கார்கள் கைமாறத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். 1952இல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டியது; 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. மிராசுதார் வீட்டுப் பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் டெல்லிக்கும் உத்தியோகத்துக்குப் போனார்கள். ஷெட்டில் நின்ற கார் மெக்கானிக்கிடமோ வாடகைக்கு விடுபவரிடமோ போய்ச் சேர்ந்தது. அன்றாடச் சவாரிக்கு உதவாத பழைய வண்டிக்கு ஜானவாசம் ஒன்றுதான் வருமானம் தரும் வேலை. வேகத்துக்காகச் செய்த வண்டி இப்படி நாகஸ்வரக்காரரின் நடைக்கு ஏற்ப நடந்து பிழைத்தது.

நடப்பது காருக்குச் சுலபமல்ல. நாகஸ்வரம் சந்திக்குச் சந்தி நின்று ராகம் வாசிக்கும். தவிலுக்குத் தனி வேறு. தஞ்சாவூரில் தேர் ஓடுவதற்கென்று அகலமாக விட்ட நான்கு ராஜ வீதிகளையும் ஒரு சுற்று வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். முதல் கியரில் இன்ஜின் மிக மெதுவாகச் சுற்றினாலும் கார் மனித நடையை முந்திவிடும். ஆகவே டிரைவர் கிளட்சைப் பாதி மிதித்தபடியேதான் வண்டியை நகர்த்த வேண்டும். மல்லிகை வாசனைக்கு நடுவே கிளட்ச் பிளேட் தீயும் நாற்றம் வருவது இதனால்தான். வண்டி நகராததால் ரேடியேட்டருக்குக் காற்று வராது. ஆஸ்டின் செவன் போன்ற பழைய கார்களில் தண்ணீர் பம்பே கிடையாது. சூடான தண்ணீர் மேலேறி, ஆறிய தண்ணீர் கீழிறங்குவதை நம்பித்தான் இன்ஜின் குளிர்ந்தது. பெட்ரோல் குழாய் சூடேறி உள்ளே ஆவி கட்டினால் வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவது இதற்கு எல்லா ஊரிலும் தெரிந்த வைத்தியம்.

விளக்கு இன்னொரு தொல்லை. அந்தக் காலத்து லூகாஸ் டைனமோ, இன்ஜின் ஓரளவு வேகமாகச் சுற்றினால்தான் பேட்டரிக்கு மின்சாரம் தரும். மெதுவாக ஓடும்போது ‘கட்அவுட்’ இணைப்பைத் துண்டித்துவிட, எரியும் விளக்கெல்லாம் பேட்டரியிலிருந்தே உறிஞ்சும். ஊர்வலத்தின் இருபுறமும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து ஆட்கள் நடந்த வரை இது பெரிதாகத் தெரியவில்லை. காரின் மேலேயே சீரியல் விளக்குப் போடும் வழக்கம் வந்ததும் பேட்டரி பாதி வழியில் படுத்தது. பழைய காரில் டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடுவதும், ரேடியேட்டருக்கு மின்விசிறி வைப்பதும் சீமையில் ரசனைக்காரர்களின் விவாதப் பொருள். இங்கே அவை பிழைப்புக்கான தேவை. மாற்றும்போது ஒன்றை மறந்தால் புகை வரும்: பழைய பிரிட்டிஷ் கார்களில் பாடியோடு இணைப்பது பேட்டரியின் நேர்முனை. ஆல்டர்னேட்டர்களோ பெரும்பாலும் எதிர்முனையைப் பாடியில் இணைக்கச் செய்யப்பட்டவை.

தமிழ்நாட்டில் முழுமூச்சாகத் தயாரான பிரிட்டிஷ் கார் என்றால் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961இல் அதை வெளியிட்டது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த அதே வருஷம்! பிரிட்டனில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த கார் இது. வரைந்தவர் இத்தாலியர் ஜொவானி மிக்கெலோட்டி. அதன் சேஸைக் குறுக்கி, அதே வகை இன்ஜினை 1147 சிசி ஆக்கி, இரட்டைக் கார்பரேட்டரும் வைத்து, அவரே வரைந்த பாடியோடு 1962இல் வந்த ஸ்போர்ட்ஸ் கார்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். வண்டலூர் ஹெரால்டின் 948 சிசி இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக்குக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமாக இருந்திருக்காது. பிரிட்டனில் ஸ்டாண்டர்டு என்ற பெயரை 1963இல் கைவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே ‘சாதாரணம்’ என்ற அர்த்தம் ஏறிவிட்டிருந்தது. இங்கே அதற்குத் ‘தரமானது’ என்றே பொருள்; பெயர் மேலும் கால் நூற்றாண்டு ஓடியது.

ஹெரால்டு ஜானவாசத்துக்குத் தோதானது என்பதற்கு அதன் கட்டுமானம் காரணம். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் பாடியே சேஸ். கூரையை அறுத்தால் நடு முதுகு தொய்ந்து கதவு மூடாது. அடியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஹெரால்டில் சேஸ் தனி. பாடி அதன் மேல் துண்டு துண்டாக போல்ட்டால் மாட்டியது. கூரையும் ஒரு துண்டுதான். முன்புற மட்காடும் பானெட்டும் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பும். குறைகளும் உண்டு. பின்சக்கரத்தின் ஊசல் அச்சு, வேகமாகத் திருப்பத்தில் போனால் சக்கரத்தை உள்ளே மடக்கிவிடும். முன்சக்கரத்தைத் தாங்கும் டிரன்னியனுக்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும். விடாமல் போனால் தண்டு தேய்ந்து ஒடிந்து, ஒரு நாள் சக்கரம் பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும். ஊசல் அச்சின் தொல்லையை நீக்கி 1972இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல், 1977 வரை தயாரானது. ரோவர் காரைத் தழுவி 1985இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடவில்லை. 1988இல் கார் உற்பத்தி நின்றது.

கம்பெனி போனாலும் கார்கள் ஓடியதற்குச் சென்னையின் உதிரிபாகத் தொழில் ஒரு காரணம். பிஸ்டனுக்கு 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸ், டைனமோவுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் 1961இல் சென்னையின் பாடி பகுதியில் வந்த லூகாஸ் டிவிஎஸ், பிரேக்குக்கு 1962இன் பிரேக்ஸ் இந்தியா. பிரிட்டிஷ் கம்பெனிகளின் கூட்டில் பிறந்தவை இவற்றில் பல. கிடைக்காததை லேத் பட்டறை கடைந்து கொடுத்தது. ரேடியேட்டர் அக்காலத்தில் பித்தளையும் செம்பும். பாத்திரத்தைப் போலவே ஈயம் வைத்து அடைக்கலாம். மெக்கானிக்குகளைப் பழக்கியதில் பஸ் கம்பெனிகளுக்குப் பங்குண்டு. கும்பகோணத்தில் பெரிய அளவில் பஸ் ஓட்டியது ராமன் அண்டு ராமன். 1972இல் அரசுடைமைக்குப் பின் அங்கே சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது.

பட்டறையில் புழங்கும் சொற்களிலும் சீமைக் காரின் மிச்சம் இருக்கிறது. மாற்றுச் சக்கரத்தை ‘ஸ்டெப்னி’ என்பது வேல்ஸ் நாட்டில் லனெலி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் அதை விற்ற கடையால் வந்த பெயர். பிரிட்டனில் அந்தச் சொல் வழக்கொழிந்துவிட்டது. சாமான் வைக்கும் ‘டிக்கி’ பழைய திறந்த கார்களின் பின்புறம் மடக்கி விரிக்கும் கூடுதல் இருக்கையின் பெயர்.

ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள். இன்ஜின் இறக்குவது, டிங்கர் வேலை, பட்டி பார்ப்பது போன்ற பெரிய வேலைகளுக்கு வசதியான காலம் அதுதான். டெல்டாவில் காருக்குப் பெரிய எதிரி ஓட்டம் அல்ல, நிற்பது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஷெட்டில் நின்ற வண்டிக்கு அடித்தகடு துருப்பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்று அதை இரண்டு மடங்காக்கும். அறுவடை முடிந்தால் எலி வயரைக் கடிக்கும். எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயத்தை நம்பியிருந்த பழைய வால்வு இருக்கைகள் தேய, கடினமான இருக்கை பதிக்க வேண்டியதாயிற்று. இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் குழாய்கள் ஊறி வெடிக்கின்றன. குழாயையும் கேஸ்கட்டையும் புதுவகைக்கு மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம்.

கல்யாணமும் நாலு நாளிலிருந்து ஒன்றரை நாளாகச் சுருங்கிவிட்டது. பல மண்டபங்களில் ஜானவாசம் என்பது வாசலிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்புவதுதான். கூரை வெட்டிய ஜீப்பும், மறுபடி சாரட்டும் வாடகைக்கு வந்துவிட்டன. வண்டியின் கட்டமைப்பைத் தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாகத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், கூரை அறுத்த வண்டிகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. 2021இல் மத்திய அரசு, 50 வருஷத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு ‘விஏ’ என்ற எழுத்தோடு தனிப் பதிவு எண் கொடுத்தது. பதிவு பத்து வருஷத்துக்குச் செல்லும்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அந்த எண் வாங்கிய காரைக் கண்காட்சிக்கும், ஆய்வுக்கும், பழங்கார் பேரணிக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் மட்டுமே சாலையில் எடுக்கலாம். வாடகைக்கு விடக் கூடாது. மாப்பிள்ளை ஊர்வலம் அந்தப் பட்டியலில் இல்லை.