உமது இல.

இலங்கையில் அரச கந்தோர் ஒன்றிலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பில், அரசாங்கச் சின்னத்துக்குக் கீழே மூன்று சிறிய இடங்கள் விட்டிருப்பார்கள்: எனது இல., உமது இல., திகதி. மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கும். கடிதம் கிடைத்தவர் அதைக் கவனிப்பதேயில்லை, நேரே விஷயத்துக்குப் போய்விடுவார். கந்தோரில் தபால் பிரிக்கிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ‘உமது இல.’ என்ற இடத்தில் ஓர் எண் இருந்தால், உள்ளே ஒரு வரிகூட வாசிக்காமல் அந்தக் கடிதத்தை உரிய கோவைக்குள் செருகிவிடலாம். அந்த இடம் வெறுமையாக இருந்தால் கடிதம் மேசை மேசையாக அலையும். ‘இது எங்கட கிளையில்லை’ என்று எழுதி எழுதியே அதன் ஓரம் நிறைந்துவிடும்.

வெள்ளைக்காரனின் நிர்வாகத்தோடு கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச கந்தோருக்கு, வந்த பழக்கம் அது. கோவைக்குள் தாள்களுக்கு வரிசை இலக்கம் போடுவார்கள். அதிகாரி தன் குறிப்பில் ‘7ஆம் பக்கத்தைப் பார்க்க’ என்று எழுதுவார். அதற்குக் கீழே அடுத்தவர் எழுதுவார், அதற்கும் கீழே இன்னொருவர். இடமாற்றத்தில் அனுராதபுரத்திலிருந்து வந்து புதிதாக நாற்காலியில் உட்கார்ந்தவர் கோவையை முதல் தாளிலிருந்து புரட்டினால், தான் ஒருநாளும் காணாத நாலு பேர் மூன்று வருஷமாக என்ன கதைத்தார்கள், யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது விளங்கிவிடும். ஒரே அறையில் ஒன்றாக இருந்திராதவர்களின் பேச்சை வரிசை குலையாமல் வைத்திருந்தது அந்தச் சின்ன எண். கச்சேரிக் கோவை மந்தமானது என்று திட்டலாம், அதற்குக் காரணங்களும் உண்டு. ஞாபகத்தில் மட்டும் அதை மிஞ்ச ஆளில்லை.

அந்த எண் துறைமுகப் பக்கம் வந்தபோது கொஞ்சம் இளைத்தது. முகத்துவாரம் களனி கங்கை கடலில் விழும் இடம். வடக்கே ஆறு, மேற்கே கடல், தெற்கே கொழும்புத் துறைமுகம். மீன்பிடித் துறையை விட்டால் இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பலருக்கும் ஏதோ ஒரு வழியில் சோறு போடுவது கப்பல்தான்: வார்ஃப் கிளார்க், லொறிச் சாரதி, கிரேன் ஓட்டுநர், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவிக்கும் கிளியரிங் கந்தோரில் டைப் அடிக்கிறவர். டெலெக்ஸ் காலத்தில் அந்தக் கந்தோர்களில் கட்டணம் நிமிடக் கணக்கு. ஆகவே வணக்கம் போச்சு, நலம் விசாரிப்பும் போச்சு, உயிரெழுத்துகளைக்கூடத் தின்றுவிட்டுத்தான் செய்தி போனது. அப்படியிருந்தும் ‘உங்கள் இன்ன திகதி டெலெக்ஸுக்கு’ என்ற முதல் வரியை யாரும் வெட்டவில்லை. கஞ்சத்தனத்திலும் தப்பிய வரி அது. அதை வெட்டினால் சிங்கப்பூரில் இருக்கிறவனுக்கு எந்தக் கப்பல், எந்தச் சரக்கு என்று தெரியாது. அதைக் கேட்க இன்னொரு டெலெக்ஸ், அதற்கும் காசு.

பிறகு அந்த எண் கண்ணுக்குத் தெரியாமல் போனது. 1977 நவம்பரில், அமெரிக்காவின் அர்பாநெட் வலையமைப்பில் மின்னஞ்சல் எந்த வடிவில் இருக்கவேண்டும் என்று டேவிட் குரொக்கரும் இன்னும் மூன்று பேரும் ஓர் ஆவணம் எழுதினார்கள். ஆர்எஃப்சி 733 என்று பெயர். ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாள எண் ஒன்று, பதில் மடலில் ‘இது எந்த எண்ணுக்குப் பதில்’ என்று ஒரு வரி, முன்னைய மடல்களைச் சுட்ட இன்னொரு வரி என்று அதில் இடம் வைத்தார்கள். கச்சேரிக்காரருக்குக் காட்டியிருந்தால் எனது இல., உமது இல. என்று உடனே சொல்லியிருப்பார். ஒரு வித்தியாசம், இங்கே எண்ணை மனிதர் எழுதவேண்டியதில்லை. ‘ரிப்ளை’ என்ற பொத்தானை அமுக்கினால் இயந்திரமே போட்டுவிடும். மின்னஞ்சலின் அந்தப் பகுதி இன்றைக்கும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. உங்கள் பெட்டியில் மடல்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து நிற்பது அதனால்தான். 2004 ஏப்ரலில் வந்த ஜிமெயில் அந்தக் கொத்தையே முகப்பில் காட்டியபோதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவந்தது.

எண்களை வைத்து மடல்களைக் கோப்பது கேட்க எளிது, செய்யும்போது சிக்கல். நடுவில் ஒரு மடல் தொலைந்திருக்கும். பதில் இருக்கும், கேள்வி இருக்காது. 1990களில் நெட்ஸ்கேப்பின் மின்னஞ்சல் செயலியை எழுதியவர்களில் ஒருவரான ஜேமி சவின்ஸ்கி இதற்கு ஒரு வழி செய்தார். ஒவ்வொரு மடலையும் ஒரு கொன்டெய்னருக்குள் வை. மடல் கிடைக்காவிட்டால் வெற்றுக் கொன்டெய்னரை அந்த இடத்தில் நிறுத்திவை, பதில்கள் அதற்குக் கீழே நிற்கட்டும். கொன்டெய்னர் என்பது அவர் தன் குறிப்பில் வைத்த பெயரேதான், நான் துறைமுகத்துக்காகச் சேர்க்கவில்லை. வெற்றுக் கொன்டெய்னருக்கும் இடம் ஒதுக்கவேண்டும் என்பது கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்கிற எவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம்.

எண் தொலைந்தது அரட்டையில். 1988இல் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒயிக்கரினென் ஐஆர்சி என்ற நிகழ்நேர அரட்டையை உருவாக்கினார். அங்கே செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும், அவ்வளவுதான். எதற்கு எது பதில் என்று எழுதிவைக்க இடமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் இருக்கும்வரை அது குறையாகவும் தெரியவில்லை. கூட இருக்கிறவர்களுக்கு எண் எதற்கு? 2009இல் வந்த வட்ஸ்அப்பும் அந்த வழிதான். வந்த வரிசையே வரிசை. நண்பர்கள் கதைக்கவும் கல்யாணத்துக்கு நாள் சொல்லவும் அது போதும். கந்தோர் முழுவதையும் அதற்குள் குடிவைப்பார்கள் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

குடிவைத்தோம். கொஞ்சம் கொஞ்சமாக நடந்துகொண்டிருந்தது 2020இல் ஒரேயடியாக நடந்தது. மார்ச் 20 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு. ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் தொற்று கண்டுபிடிக்கப்பட்ட பிறகு முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, புளுமெண்டால், கிராண்ட்பாஸ் பொலிஸ் பிரிவுகளைத் தனியாக வேறு மூடினார்கள். கப்பல் நிற்கவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஆட்கள்தான் வீட்டுக்குள் அடைபட்டார்கள். அப்போது கிளியரிங் வேலை முழுக்க ஒரு வட்ஸ்அப் குழுவுக்குள் போய் விழுந்தது. ஊரடங்கு போன பிறகும் அது வெளியே வரவில்லை.

அப்படிப்பட்ட குழு ஒன்றில் ஒரு காலை எப்படி இருக்கும்? ஒன்பதரைக்கு ஒருவர் ‘டிஓ வந்ததா?’ என்கிறார். டெலிவரி ஓர்டர், கப்பல் முகவர் கொடுக்கவேண்டிய தாள். அதற்குள் இன்னொருவர் ‘லொறி எத்தனை மணிக்கு கேட்டுக்கு வரவேணும்?’ ஒருவர் சுங்கப் பிரகடனத்தின் படத்தைப் போடுகிறார், பாதி நிழல் விழுந்திருக்கிறது. ‘இருபது அடியா நாற்பது அடியா?’ ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு ஆறு கேக். ஒருகொடவத்தை யார்டில் நிற்கிற பொடியனின் குரல் பதிவு, பின்னால் ஹோர்ன் சத்தம். பத்தேகாலுக்கு முதலாளி ஒரே சொல் போடுகிறார்: ‘ஹரி.’ சிங்களத்தில் ‘சரி’.

எதற்கு ஹரி? டிஓவுக்குப் பணம் கட்டச் சொன்னதா, லொறியை அனுப்பச் சொன்னதா, கேக்குக்கா? அந்த நேரம் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்கு விளங்கியிருக்கும். வார்ஃப் கிளார்க் அப்போது வெயிலில் வரிசையில் நின்றார். பன்னிரண்டு மணிக்கு ஃபோனை எடுக்கிறார், அறுபது செய்தி. தன் கொன்டெய்னருக்கான மூன்றைத் தேடி மேலே தள்ளிக்கொண்டே போகிறார். பிறகு யாரையாவது கூப்பிட்டுக் கேட்கிறார். தப்பாக விளங்கிக்கொண்டால் இலவச நாட்கள் கழிந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும், அதுவும் டொலரில்.

2016இல் வட்ஸ்அப் ஒரு செய்தியைச் சுட்டிப் பதில் எழுதும் வசதியைக் கொடுத்தது. ‘உமது இல.’ திரும்பி வந்தது என்று சொல்லலாம், ஆனால் பாதிதான். விரலால் இழுத்து ‘ஹரி’ என்று போட்டால் அது எந்தக் கேள்விக்கு என்று தெரியும். அந்தக் கேள்விக்கு வந்த எல்லாப் பதில்களையும் ஒன்றாகக் காட்டு என்றால் அதற்கு முடியவில்லை. கடிதத்தில் எண் இருந்தது, கோவை இருக்கவில்லை.

கோவையைக் கொண்டுவந்தது கந்தோருக்கென்றே செய்த செயலிகள். ஸ்லாக் 2014இல் பொதுவெளிக்கு வந்தது. கிளிச் என்ற இணைய விளையாட்டு தோற்று மூடப்பட்ட பிறகு, அதைச் செய்தவர்கள் தங்களுக்குள் கதைக்க வைத்திருந்த கருவிதான் அதன் மூலம். அந்தக் கருவியும் ஐஆர்சியின் வழியில் வந்தது. ஆகவே த்ரெட் என்கிற பதில் இழை அதில் 2017 ஜனவரிவரை இல்லை. அதே வருஷம் மார்ச்சில் மைக்ரோசொஃப்ட் டீம்ஸ் வெளிவந்தபோது அதன் சானல்களில் பதில்கள் கேள்விக்குக் கீழேயே கோக்கப்பட்டு வந்தன. சென்னை ஸோஹோவின் கிளிக்கிலும் இப்போது இழை உண்டு. இழையின் பயன் அப்போது கதைத்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அவ்வளவாக இல்லை. அவர்களுக்கு அது ஒரு கூடுதல் சொடுக்கு, ஒரு தொல்லை. பன்னிரண்டு மணிக்கு வருகிற வார்ஃப் கிளார்க்குக்கும், இரவு முறைக்கு வருகிறவருக்கும், ஆறு மாதம் கழித்துச் சேர்கிறவருக்கும்தான் அது உதவும். சிரமப்படுகிறவர் ஒருவர், பலன் பெறுகிறவர் வேறொருவர். எந்தக் கந்தோரிலும் இழை தானாகப் பிடிபடாததற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இழைக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. அது ஒளித்துவைக்கும். இழைக்குள் மூன்று பேர் கதைத்து லொறியை நாளைக்கு மாற்றிவிடுவார்கள், வெளியே பொதுச் சுவரில் இன்றைக்கு என்றே இருக்கும். ஸ்லாக்கில் இழைக்குள் எழுதும்போது ‘இதை சானலுக்கும் அனுப்பு’ என்று ஒரு சிறு கட்டம் வைத்திருப்பது அதற்காகத்தான். முடிவை வெளியே கொண்டுவந்து போடுகிற பழக்கம் இல்லாத கந்தோரில் இழை இல்லாமலிருப்பதே மேல் என்பது என் எண்ணம். குப்பையாக இருந்தாலும் எல்லாரும் ஒரே குப்பையைப் பார்க்கிறார்கள்.

ஜூலிப் என்றொரு செயலி இருக்கிறது, 2015இல் திறந்த மூலமாக்கப்பட்டது. அதில் இழை பின்னால் முளைப்பதில்லை. சானலுக்குள் செய்திகள் ஆரம்பத்திலிருந்தே ஒரு தலைப்பின் கீழ்தான் போகும். நிரல் எழுதுகிற கம்பெனிகளுக்கு இது சிலவேளை கெடுபிடியாகத் தெரியும், ஏனென்றால் பேச்சு எங்கே போகும் என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. துறைமுக வேலை அப்படியில்லை. ஒவ்வொரு சரக்குக்கும் கந்தோரில் ஜொப் நம்பர் ஒன்று போட்டுத்தான் கோவை திறப்பார்கள். தலைப்பு ஏற்கெனவே இருக்கிறது, பேச்சுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. கிளியரிங் கந்தோருக்கு ஸ்லாக்கைவிட ஜூலிப்பின் வழியே பொருந்தும் என்று நான் சொல்வேன். ஆனால் லொறிச் சாரதியின் ஃபோனில் இருப்பது வட்ஸ்அப். அவரிடம் இன்னொரு செயலியை இறக்கச் சொன்னால் டேட்டா யார் போடுவது என்பார், நியாயம்தான்.

எல்லாவற்றையும் வட்ஸ்அப்புக்குள் வைப்பதில் வேறு ஆபத்தும் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த அன்றே அரசாங்கம் வட்ஸ்அப்பையும் பேஸ்புக்கையும் முடக்கியது, மாத இறுதியில்தான் விட்டது. மின்னஞ்சல் முடக்கப்படவில்லை. பழைய வழியை விடாத கந்தோர்களால் அந்த நாட்களில் வேலையைத் தொடர்ந்து நடத்த முடிந்தது.

இருந்தாலும் வட்ஸ்அப்பை விட முடியாததால் ஆட்கள் தங்கள் வழியில் அதற்கு ஒட்டுப்போட்டுக்கொள்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கந்தோரில் ஒவ்வொரு கொன்டெய்னருக்கும் ஒரு தனி வட்ஸ்அப் குழு திறந்தார்கள். மூன்று மாதத்தில் வார்ஃப் கிளார்க்கின் ஃபோன் செத்த குழுக்களால் நிறைந்தது. சரக்கு போய்ச் சேர்ந்த குழுவை யார் மூடுவது என்று யாரும் சொல்லவில்லை, கச்சேரியில் அதற்கும் ஒரு கிளார்க் இருந்தார். இப்போது அந்த வழியை விட்டுவிட்டார்கள். ஒரே குழு, ஆனால் செய்தியின் முதலில் ஜொப் நம்பரின் கடைசி நாலு இலக்கத்தைப் போடவேண்டும். ‘4417 டிஓ வந்தாச்சு.’ தேடல் பெட்டியில் 4417 என்று அடித்தால் கோவை வந்துவிடும். செயலி செய்யவேண்டியதை மனிதர் கையால் செய்கிறார், டெலெக்ஸ்காரர் செய்தது மாதிரி. வேலை நடக்கிறது. ஒன்றுதான் அடங்க மறுக்கிறது, குரல் பதிவு. கையில் தாளோடு யார்டில் ஓடுகிறவர் எழுத மாட்டார், கதைப்பார். அதில் நம்பரைச் சொன்னாலும் தேடலில் அது அகப்படாது. அதனால் கந்தோரில் இருக்கிற பெண் ஒவ்வொரு பதிவையும் கேட்டு, அதைச் சுட்டிக் கீழே நாலு இலக்கத்தை மட்டும் அடிக்கிறார். காலையில் அவருடைய முதல் வேலை இப்போது அதுதான். சம்பளச் சீட்டில் அதற்குப் பெயர் இன்னும் இல்லை.