இரண்டாவது கையெழுத்து



1997 ஜூன் 30 அன்று, மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். இருபத்தைந்து நாள் கழித்து, ஜூலை 25இல், கே.ஆர். நாராயணன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். இருவரும் தலித்துகள். நாராயணனை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முருகேசனை ஊர்மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

குடியரசுத் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று 1948இல் அரசமைப்பு அவையில் கே.டி. ஷா கேட்டார். அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கும்போது, பெயரளவுத் தலைவருக்கு நாடு தழுவிய தேர்தல் எதற்கு என்பதே அண்ணல் அம்பேத்கரின் பதில். அதையே திருப்பிப் பார்ப்போம்: உண்மையான அதிகாரம் இருக்கும் பதவிக்கு நேரடித் தேர்தல் வேண்டும். குடிநீர்க் குழாய் எந்தத் தெரு வரை வரும், தெருவிளக்கு எங்கே எரியும் என்பதில் ஊராட்சித் தலைவரின் சொல்லுக்கு எடை உண்டு.

73ஆவது திருத்தம் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலங்களிடமே விட்டது. நம் வேப்பனப்பள்ளியிலிருந்து எல்லை தாண்டினால் வேறு முறை. கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள்; நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்கவும் அவர்களால் முடியும். அங்கே சில உறுப்பினர்களை வளைத்தால் போதும். இங்கே ஊரையே வளைக்க வேண்டும்.

ஊரையும் வளைத்தார்கள் என்பதே நம் வரலாறு. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கு தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் நிலைத்து உட்கார முடியவில்லை. வேட்புமனு போட ஆள் வரவில்லை. வென்றவர் உடனே பதவி விலகினார். அந்த நாற்காலிகள் நிரம்ப 2006 அக்டோபர் வரை ஆனது.

நாற்காலி கிடைத்த ஊர்களிலும் ஒரு பூட்டு மிச்சமிருக்கிறது. ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். துணைத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பதவிக்கு இடஒதுக்கீடும் இல்லை. ஊர் முழுக்க வாக்குக் கேட்டு வென்ற தலித் பெண் தலைவர், ஒரு கையெழுத்துக்காகத் துணைத் தலைவர் வீட்டு வாசலில் நிற்கிறார். முன்வாசல் வழியே வந்த சனநாயகத்தைக் கொல்லைப்புறத்தில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

துணைத் தலைவரையும் மக்களே தேர்ந்தெடுத்தால் தீருமா? தீராது, பெரும்பான்மைச் சாதியின் வாக்கே அங்கும் முடிவுசெய்யும். ஆகவே நம் கோரிக்கை இரண்டு. துணைத் தலைவர் பதவிக்கும் இடஒதுக்கீடு வேண்டும். கையெழுத்திட மறுப்பவர் குறித்த நாளுக்குள் எழுத்தில் காரணம் தர வேண்டும். தராவிட்டால் அந்த அதிகாரம் ஓர் அரசு அலுவலருக்குப் போக வேண்டும்.

முருகேசன் கேட்டது நாற்காலியை மட்டுமல்ல, அதில் அமர்ந்து வேலை செய்யும் உரிமையை. அதைப் பெற்றுத் தருவதே நாம் அவருக்குச் செலுத்தும் அஞ்சலி.