பல்லவர் செப்பேடும் பல்லாவரத்துக் கைக்கோடரியும்

சிறுசேரியிலிருந்து முன்னோரைத் தேடிப் புறப்படுகிறவருக்கு இரு திசைகள் உண்டு. கடலை இடப்பக்கமாக விட்டுத் தெற்கே போனால் மாமல்லபுரம். வடமேற்கே திரும்பினால் பல்லாவரம். முதல் வழி, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க ஓர் அரச குடும்பத்திடம் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது வழி, ஒரு பெயரும் மிஞ்சாத மனிதத் தொன்மையிடம். குடிவழியும் மாந்தத் தோற்றமும் வேறு வேறு துறைகள் என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்து மண், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது.

ஒரு பக்கத்துக்குப் பல்லவ அரசன் இரண்டாம் நந்திவர்மனின் காசக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். 8ஆம் நூற்றாண்டில் பொறிக்கப்பட்டு, 1879இல் காரைக்காலுக்கு அருகில் கிடைத்தது. மறுபக்கத்துக்கு, 1863 மே 30 அன்று பல்லாவரத்துச் சரளைக் குழியில் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தைக் கண்டனர். எவ்வளவு பழமை என்று பல்லாவரத்துக் கல் கேட்ட கேள்விக்கு விடை தந்துகொண்டிருப்பது அந்த ஊர்தான்.

செப்பேடு பழமையிலிருந்து நிகழ்காலத்துக்கு இறங்கி வருகிறது: பிரமன், ஆங்கிரசர், பிருகஸ்பதி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன். அகழாய்வு நிகழ்காலத்திலிருந்து பழமைக்கு இறங்குகிறது. இன்றைய தரையில் தொடங்கி, மண்ணடுக்கு ஒவ்வொன்றாகக் கீழே போகிறது. நடக்கும் திசை எதிரெதிர். ஆனால் இரண்டும் தடுமாறும் இடம் ஒன்றே. பல்லவனுக்குப் பின் செப்பேட்டுப் புலவர் கந்தவர்மன், விஷ்ணுகோபன், வீரகூர்ச்சன் எனப் பல பெயர்களை அடுக்குகிறார். யாருக்குப் பின் யார் என்ற ஒழுங்கு அங்கே இல்லை. பிறரும் இருந்தனர் என்று சொல்லி மேலே போய்விடுகிறார். அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு 1999 முதல் நடத்திய அகழாய்விலும் இப்படி ஓர் இடம் உண்டு. மிகப் பழைய கருவிகளுக்குச் சராசரியாக 15 லட்சம் ஆண்டுகள். குறைந்தது 10 லட்சத்துக்கு மேல் என்று 2011இல் அறிவித்தனர். அதற்கடுத்த தொழில்நுட்பம் அங்கே தலைகாட்டுவது ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பு என்பது 2018இல் வந்த முடிவு. நடுவே பல லட்சம் ஆண்டுகள். பெயர் தெரிந்தும் வரிசை தெரியாதவர் புலவர். வரிசை தெரிந்தும் பெயர் தெரியாதவர் தொல்லியலார்.

அடுத்து வரும் ஒற்றுமையை நான் எதிர்பார்க்கவில்லை. பல்லவரில் மகேந்திரன் மகன் நரசிம்மன்; அவன் மகன் மீண்டும் மகேந்திரன். முதலாம் பரமேசுவரனின் பேரன் இரண்டாம் பரமேசுவரன். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இது. இன்றும் இது பல வீடுகளில் நடக்கிறது. தலைப்பெழுத்தும் பெயரும் தலைமுறைக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ள, பேரனின் கையெழுத்து பாட்டனுடையதாகவே ஆகிவிடுகிறது. இப்போது கைக்கோடரியைப் பாருங்கள். குவார்ட்சைட் கல், உள்ளங்கையில் அமரும்படி ஒரு முனை தடித்திருக்கும், மறுமுனை இலைபோல் ஒடுங்கும், இரு முகத்திலும் சில்லுகள் பெயர்க்கப்பட்டு, விளிம்பில் இரண்டும் கூடி வெட்டுவாய் ஆகும். இந்த வடிவம் ஆப்பிரிக்காவில் உண்டு, பிரான்சின் சோம் ஆற்றங்கரையில் உண்டு, இங்கும் உண்டு. பத்து லட்சம் ஆண்டுகளுக்கு மேலாக மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. செப்பேட்டில் பெயர் திரும்ப வருகிறது. கல்லில் வடிவம் திரும்ப வருகிறது. எழுத்தில்லாத காலத்திலும் முன்னோரிடமிருந்து ஒன்றை வாங்கி அப்படியே கைமாற்ற முடிந்திருக்கிறது. செதுக்குகிறவரின் கையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த கண்கள் அதற்கு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இன்னும் ஆழமான உறவு, வழி அறுந்த இடத்தில் தெரிகிறது. இரண்டாம் பரமேசுவரவர்மனோடு, மகேந்திரனின் தந்தை சிம்மவிஷ்ணுவின் நேர்வழி முடிந்தது. காஞ்சியின் பெரியோர் இரணியவர்மனைத் தேடிப் போனதையும், அவனுடைய மூத்த மகன்கள் ஒப்பாதபோது பன்னிரண்டு வயது இளைய மகன் நந்திவர்மன் அரசேற்க முன்வந்ததையும் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சிற்ப வரிசை காட்டுகிறது. காசக்குடிப் புலவர் இந்தச் சிக்கலை நேர்மையாகவே எதிர்கொள்கிறார். சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மன் வரை மேலே ஏறி, அங்கிருந்து புத்தவர்மன், ஆதித்தியவர்மன், கோவிந்தவர்மன், இரணியன் என்று மறுகிளை வழியே இறங்கி நந்திவர்மனிடம் வந்து சேர்கிறார். கிளை பிரிந்த கணுவைக் கண்டுபிடித்தால்தான் உறவு விளங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மனிதத் தோற்றத்தை ஆராய்வோர் செய்வதும் இதையே. சிம்பன்சி நமக்குப் பாட்டன் அல்ல, பங்காளி. கணு ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு மேலே இருக்கிறது. அத்திரம்பாக்கத்தின் முதல் கல்தச்சர்களும் நம் நேர் முன்னோராக இருந்தாக வேண்டியதில்லை. அங்கே மனித எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. 3,85,000 ஆண்டு என்பதோ, நம் இனத்துக்கு இதுவரை கிடைத்த மிகப் பழைய எலும்புகளின் காலமான ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகளையும் தாண்டியது. பிழைகளும் இரு பக்கத்தும் ஒரே அச்சில் வார்த்தவை. உதயேந்திரம் செப்பேடு நந்திவர்மனை இரண்டாம் பரமேசுவரவர்மனின் மகன் என்றே எழுதிவிட்டது. குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாவதாகக் காட்டும் புகழ்பெற்ற படமும் கிளைகளை மறைத்து ஒரே கோடாக நீட்டிவிட்டது. முன்னோர் என்றாலே நேர்கோட்டில் வர வேண்டும் என்ற ஆசை நமக்கு அவ்வளவு வலியது.

வேற்றுமைகளில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணு அமர்ந்திருக்கிறான், இரு பக்கமும் தேவியர். எதிர்ச்சுவரில் மகேந்திரன் தன் இரு தேவியரில் ஒருவரின் கையைப் பற்றியபடி, மறுகையால் கருவறைப் பக்கம் சுட்டி நிற்கிறான். சுவர்களில் அரசர் இருவரின் பெயர் உண்டு. நான்கு பெண்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. செப்பேட்டின் வழியும் தந்தை, மகன் என்றே ஓடுகிறது. மரபணுவிலும் இதற்கு இணை இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழு உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரில் கண்ட எம்130 என்னும் அடையாளம், ஆப்பிரிக்காவிலிருந்து வெளியேறிய பழைய அலையைச் சேர்ந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடிகளிலும் காணப்படுவது. ஆனால் அது ஒய் குரோமோசோமில் இருப்பதால் தந்தைவழியை மட்டுமே சொல்லும். தாய்வழிக்கு மைட்டோகாண்டிரியாவைத் தனியே படிக்க வேண்டும். கைக்கோடரியிலோ இந்தச் சார்பு இல்லை: செதுக்கியது ஆணா பெண்ணா என்று கல் சொல்வதில்லை. செப்பேடு பெண்ணை விட்டுவிட்டது. கல் ஆளையே விட்டுவிட்டது, வேலையை மட்டும் வைத்துக்கொண்டது.

செப்பேட்டின் வடமொழிப் பகுதி வரைக்குமே இந்த வேற்றுமை நிற்கிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அந்த நீண்ட குடிவழியெல்லாம் ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊரைத் தானமாகக் கொடுப்பதற்காகச் சொல்லப்பட்டது. தமிழ்ப் பகுதி ஊரின் எல்லையைச் சொல்கிறது. சேயாற்றிலிருந்தும் வெஃகாவிலிருந்தும் திரையன் ஏரியிலிருந்தும் கால் வெட்டிக்கொள்ளும் உரிமையைச் சொல்கிறது. செக்கு, தறி, கிணறு வெட்டுவோர் கூலி என்று வரிகளை அடுக்குகிறது. செக்காட்டியவரும் தறி நெய்தவரும் கிணறு வெட்டியவரும் அந்த ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள். பெயர் பதியப்படவில்லை, தொழில் பதிந்திருக்கிறது. இந்த மாவட்டத்தில் இன்று முன்னோரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் அரசரின் வழியில் வந்திருக்க வாய்ப்பில்லை; இந்த வரிப் பட்டியலில் உள்ளவர்களின் வழியில்தான் வந்திருப்பார்கள். அத்திரம்பாக்கத்துக் கல்தச்சர் எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தாரோ அதே விதமாகத்தான் கொடுகொள்ளியின் கிணறுவெட்டியும் வந்து சேர்கிறார்: செய்த வேலையாக.