மாலு என்றால் மீன்

பாம்பனில் ஒரு கல்யாண வீடு. பந்தலில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் 'சுராங்கனி' பாட்டு வந்ததும், சாம்பார் வாளியோடு நின்ற பையன்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், அந்தக் காலத்தில் தலைமன்னார்ப் பக்கம்வரை வலைக்குப் போனவர். என் பக்கம் குனிந்து, "மாலுங்கிறானே, என்னன்னு தெரியுமா தம்பி?" என்று கேட்டார். பொம்பளப்புள்ள பேராக இருக்கும் என்றேன். "சிங்களத்துல மாலுன்னா மீனு. அவளுக்கு மீன் கொண்டாந்திருக்கான்" என்றார்.

சின்ன வயதிலிருந்து பாடிக்கொண்டிருந்த பாட்டு. மீன் வாடையிலேயே வளர்ந்த எனக்கு அதில் மீன் இருந்தது தெரியவில்லை. அன்றைக்குப் பிடித்த ஆசைதான், அது வந்த வழியைத் தேடியது.

பாட்டுக்கு முன்னால் தாளம் வந்தது. 1505இல் கொழும்பில் கால்வைத்த போர்த்துகீசியர் ஆட்டத்துக்குச் சொல்லும் சொல்லிலிருந்துதான் 'பைலா' என்ற பெயர். அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த காப்பிரிகளின் சந்ததி இன்றும் புத்தளம் பக்கம் இருக்கிறது. அந்த மக்களின் ஆட்டமும் பாட்டும் கலந்துதான் பைலா உண்டானது. 'தகிட தகிட' என்று ஆறு எண்ணிக்கை. கை மூன்று மூன்றாகத் தட்டினால் கால் இரண்டு இரண்டாகப் போகும். இந்த இழுபறியில் உடம்பு சும்மா நிற்காது. இருபதாம் நூற்றாண்டில் வாலி பஸ்தியான் என்ற போலீஸ்காரர் அதைச் சிங்களத்தில் மேடைப் பாட்டாக்கினார். நம் உறுமிக்காரருக்கும் தவில்காரருக்கும் இந்தத் திஸ்ர நடை அன்னியமில்லை. பாட்டு இந்தக் கரையில் சட்டென்று ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

தமிழில் இதைத் தொடங்கிவைத்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அறுபதுகளின் கடைசியில் உரும்பிராய் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடினார். கிட்டாரோடு ஊர்ப் பேச்சில், வீட்டு நையாண்டியோடு ஒரு பாட்டு. அதற்குப் பொப்பிசை, துள்ளிசை என்று பெயர் விழுந்தது. அந்த அலையில் வந்தவர்தான் ஏ.ஈ. மனோகரன். சுராங்கனியைச் சிங்களமும் தமிழும் கலந்து ஊரெல்லாம் பாடவைத்தவர் அவர்.

கடலைத் தாண்ட அன்று இரண்டு வழி. ஒன்று கப்பல். 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ரயில் தனுஷ்கோடி வரை போகும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து போனது. சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள் டிரங்குப் பெட்டிகளோடு இறங்கியதும் இங்கேதான். மண்டபம் முகாமைப் பார்க்காமல் அவர்களில் அநேகம் பேர் ஊர்போய்ச் சேரவில்லை.

இன்னொரு வழிக்கு டிக்கெட் கிடையாது, சுங்கமும் கிடையாது. எங்கள் கரையில் ரேடியோ முள்ளைக் கொஞ்சம் திருப்பினால் இலங்கை வானொலி கணீரென்று விழும். சென்னையும் திருச்சியும் கரகரக்கும் நேரத்தில் கொழும்பு பக்கத்து வீடு மாதிரிப் பேசும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவின் குரல், அப்துல் ஹமீதின் குரல். நம் சினிமாப் பாட்டு கொழும்புக்குப் போய், அங்கிருந்து நமக்கே திரும்பி வந்த காலம் அது. அந்த வரிசையில் நடுநடுவே மனோகரனும் வந்தார். கைத்தறி நெய்த பரமக்குடியிலும், வலை பின்னிய மண்டபத்திலும் அர்த்தம் தெரியாமலே பாட்டு குடியேறியது.

1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்காக இளையராஜா சுராங்கனியை எடுத்துக்கொண்டார். மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடினார்கள். அதன்பின் அது யாருடைய பாட்டு என்று கேட்க ஆளில்லை. கல்லூரிச் சுற்றுலாப் பஸ், கோயில் திருவிழா, மெல்லிசைக் கச்சேரி எல்லா இடத்திலும் அது நம் பாட்டு. மனோகரனும் இக்கரைக்கு வந்து 'சிலோன் மனோகர்' ஆனார், படங்களில் அடியாளாக வில்லனாக நடித்தார். அந்த உருட்டு விழியை நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்குச் சுராங்கனி பாடியதும் அதே ஆள்தான் என்று தெரியும்? எனக்கு இது உறுத்துகிறது.

பொப்பிசையின் ஆயுசு கொஞ்சம்தான். சுமாராகப் பதினைந்து வருஷம். இலங்கையில் 1983 கலவரம் வந்தது, கப்பல் நின்றது. பாடியவர்கள் சிதறினார்கள், நித்தி கனகரத்தினம் ஆஸ்திரேலியாவுக்குப் போனார். கப்பல் வந்த அதே 30 கிலோமீட்டர் சொச்சத்தில் இரவோடு இரவாக வள்ளங்களில் ஆட்கள் வந்தார்கள். அரிச்சல்முனை மணலில் கைக்குழந்தையோடு இறங்கியவர்களுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததை அம்மா சொல்லியிருக்கிறார். மண்டபம் முகாமில் மறுபடி விளக்கு எரிந்தது, வேறு காரணத்துக்காக.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார்.

கல்யாண வீட்டில் பாட்டு முடிந்ததும் பையன்கள் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கத்தினார்கள். பெரியவர் எழுந்து, ஆடிக்கொண்டிருந்த ஒருவனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். அவன் ஆட்டத்தை நிறுத்தாமலே, "மீனா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தான். ஆமாம் என்று தலையாட்டினேன்.