ஆலை நிலமும் ஆடுகளமும்

1983 இன் பின்னர் அவுஸ்திரேலியாவுக்குப் புலம்பெயர்ந்த யாழ்ப்பாணத்தவருட் பலர் சிட்னி நகரின் ஹோம்புஷ் பகுதியிலும் அதன் அயலிலும் குடியமர்ந்தனர். உடுப்பிட்டி போன்ற ஊர்களிற் கோவில் வீதியே ஆடுகளமாக வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அங்கே ஒலிம்பிக் பூங்காவில் ஊஞ்சலாடுகின்றனர். அந்நிலத்தின் வரலாறோ விளையாட்டுக்குரியதன்று.

அரச செங்கற்சூளை 1911 இல் அங்கு தொடங்கிற்று. அயலில் அரச கொல்களமும் கடற்படையின் ஆயுதக் கிடங்கும் இருந்தன. ஆற்றோரச் சதுப்பிற் பல பத்தாண்டுகளாக வீட்டுக்கழிவும் ஆலைக்கழிவும் கொட்டப்பட்டன. சூளையும் கொல்களமும் 1988 இல் மூடப்பட்டன. 2000 ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவுக்காக நிலத்தைச் சீர்செய்ய முற்பட்டபோது, 760 ஹெக்டயரில் ஏறத்தாழ 160 ஹெக்டயர் கழிவினாற் கெட்டிருந்தது; கழிவின் அளவு 90 இலட்சம் கன மீற்றர். அதனை முற்றாக அகற்றினாரல்லர். மேடுகளாகத் திரட்டி, மண் போர்த்தி, கசியும் நீரை வடிகால்களிற் பிடித்துச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டையே செய்தனர். புல்வெளியாகத் தோன்றும் மேடுகள் சில உண்மையிற் காவலுக்குட்பட்ட குப்பைகளே.

செங்கற்குழியின் கதை வேறு. அங்கே டென்னிஸ் அரங்கு அமைக்கத் திட்டமிருந்தது. 1992 இல் அருகிவரும் தவளையினமொன்று குழியில் வாழ்வது தெரியவரவே, அரங்கு வேறிடம் சென்றது. குழி குழியாகவே விடப்பட்டது. 2005 இல் அதன்மேல் வட்ட நடைபாதையொன்று அமைந்தது. தவளைக்காக ஓர் அரசு வழிவிட்டது சிறிய செய்தியன்று.

இவ்வரலாறு காங்கேசன்துறையை நினைவூட்டுவது இயல்பே. ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராயிருந்த காலத்தில், 1950 இல், அங்குச் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. அயலில் வெட்டிய சுண்ணக்கல்லும் முருங்கனிலிருந்து புகையிரதத்தில் வந்த களியும் அதன் மூலப்பொருள்கள். 1990 இல் போரினால் ஆலை நின்றது, மக்கள் இடம்பெயர்ந்தனர், அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. கல் அகழ்ந்த பெருங்குழிகள் எஞ்சின.

அவற்றை நிரப்பிப் பூங்காவாக்கலாமெனின், சிட்னியின் முறை இங்குப் பொருந்துமா? செங்கல்லுக்கு மண் தந்த நிலம் நீரை எளிதில் உட்புகவிடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லோ துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. வற்றாத ஆறில்லாத குடாநாட்டில், மழைநீர் அக்கல்லினூடே இறங்கி உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கின்றது. மக்கள் குடிப்பது அதனையே. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கில், 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா நட்டஈடு விதித்தது. குழியிற் கழிவை இட்டு மேலே புல் வளர்ப்பது, கிணற்றுட் குப்பையை இட்டு மூடியிடுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே சிட்னியிலிருந்து கொள்ளத்தக்கது குப்பைமேடன்று, செங்கற்குழியே. நீரை முதலிற் சோதித்து, குழியை வேலியிட்டு விட்டுவிட்டு, அகழப்படாத கரையிற் பிள்ளைகளுக்கு இடமமைத்தல் கூடும். நிலம் இழந்த குடும்பங்களின் உரிமை தீர்ந்தபின்னரே அதுவும். வடமராட்சியின் நிலத்தடி நீர்ப்படுகை வலிகாமத்தினின்றும் வேறாயினும், உடுப்பிட்டிக் கிணறுகளும் சுண்ணக்கல்லிலேயே தோண்டப்பட்டவை.